மூளைக்கு மீன் மாத்திரையா? அந்தக் காசுக்கு மத்தி வாங்குங்கள்

ஞாபக சக்திக்கு நல்லது என்று நம் வீடுகளில் பெரியவர்கள் பலர் தினமும் மீன் மாத்திரை (மீன் எண்ணெய் அடைத்த மாத்திரை) போடுகிறார்கள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்கும் சிலர் வாங்கித் தருகிறார்கள். அந்தக் காசுக்கு மீன் வாங்கிச் சாப்பிடுங்கள் என்பதுதான் என் கருத்து.

மூளையில் இருக்கும் கொழுப்பில் டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 வகைக் கொழுப்பு நிறைய உண்டு. மீனிலும் அது உண்டு. சிகாகோவில் முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒருமுறையாவது மீன் சாப்பிட்டவர்களுக்கு அல்சைமர் என்ற மறதி நோய் வரும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் குறைவாக இருந்தது. சரி, அந்தச் சத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தால் போதுமே என்று கொடுத்துப் பார்த்தார்கள். அங்கேதான் கணக்கு இடித்தது. அமெரிக்காவில் 402 அல்சைமர் நோயாளிகளை வைத்து நடந்த சோதனையில், 18 மாதம் தினமும் 2 கிராம் டிஹெச்ஏ கொடுத்தும் நோயின் வேகம் குறையவில்லை. அது 2010-ல். பிறகு பிரான்சில் 70 வயதைத் தாண்டிய 1,680 பேரிடம் ஒமேகா-3 ஞாபகத்துக்கு உதவுகிறதா என்று மூன்று வருடம் சோதித்தார்கள். 2017-ல் வந்த முடிவிலும் சொல்லும்படியான பலன் இல்லை. கடையில் கிடைக்கும் 1000 மில்லிகிராம் மாத்திரையில் ஒமேகா-3 பெரும்பாலும் 300 மில்லிகிராம்தான் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு வருமானமும் மற்ற பழக்கங்களும் நன்றாக இருந்திருக்கலாம், அந்த 60 சதவீதமும் மீனால் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் மீனில் புரதம், பி12, அயோடின், செலினியம் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. 2014-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், வாரம் ஒருமுறையாவது சுட்ட மீன் சாப்பிட்ட முதியவர்களுக்கு ஞாபகத்துக்கான மூளைப் பகுதிகள் பெரிதாக இருந்தன. பொரித்த மீனில் அந்தப் பலன் தெரியவில்லை. மீனில் எவ்வளவு ஒமேகா-3 இருந்தது என்பதோடும் இதற்குத் தொடர்பு தெரியவில்லை. மாத்திரை விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

வஞ்சிரம் வாங்க வசதி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மத்தியும் (சாளை என்போமே, அதுதான்) அயிலையும் விலை குறைவு, கொழுப்புச் சத்து அதிகம். சின்ன மீன் என்பதால் சுறாவைப் போலப் பாதரசம் சேர்வதில்லை. வாரம் இரண்டு நாள் குழம்பு வையுங்கள்.

ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு குறைய மருத்துவர் எழுதித் தந்த மாத்திரை என்றால் அது வேறு விஷயம், நீங்களாக நிறுத்தாதீர்கள். சைவர்கள் டிஹெச்ஏ வேண்டுமென்றால் பாசி எண்ணெய் இருக்கிறது. ஆளி விதையிலிருந்து உடம்பு டிஹெச்ஏ செய்வது மிகக் குறைவு.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது ஒன்றில்தான். அப்பாவுக்கு மறதி கூடுகிறது என்று தெரிந்தும் மாத்திரை டப்பாவை வாங்கிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பி12 குறைந்தாலும் தைராய்டு குறைந்தாலும் மறதி வரும். இரண்டும் சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், இரண்டுக்கும் சிகிச்சை இருக்கிறது. முதலில் அந்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள்.