லிஸவெட்டா துணைப் பாத்திரமாம்

ஞாயிற்றுக்கிழமை நடந்த இலக்கியக் கூட்டத்தைப் பற்றி எழுதக் கூடாது என்று மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று ஒரு நண்பர் இன்பாக்ஸில் வந்து, "நீங்க கேட்ட கேள்வி கொஞ்சம் சின்னப்பிள்ளைத்தனமா இருந்துச்சு மேடம்" என்கிறார். சரி, சின்னப்பிள்ளையாகவே எழுதிவிடுகிறேன்.

ஒன்றரை மணி நேரம் ரஸ்கோல்நிகோவ், தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலின் நாயகன். பேச்சாளர் நன்றாகத்தான் பேசினார், அதை மறுக்கவில்லை. அவன் பெயருக்குள்ளேயே 'பிளவு' என்ற ரஷ்யச் சொல் இருக்கிறது என்றார். அவன் தன்னோடு ஒப்பிட்டுப் பார்த்த நெப்போலியன் வந்தார். பீட்டர்ஸ்பர்க்கின் ஜூலைப் புழுக்கம், மொட்டை மாடிக்குக் கீழே அலமாரி மாதிரி ஒரு அறை, அங்கிருந்து அவன் கொல்லும் வட்டிக்காரக் கிழவி வீட்டுக்குச் சரியாக 730 காலடி. எல்லாம் சொன்னார். இரண்டாவது கொலையை மட்டும் சொல்லவில்லை. நான் எழுந்து லிஸவெட்டாவைப் பற்றிக் கேட்டதற்கு, "அது துணைப் பாத்திரம்மா" என்று சிரித்தார். கூட்டமும் சிரித்தது. நெறியாளர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் கொன்றது இரண்டு பேரை. 1866-இல் வெளிவந்த 'குற்றமும் தண்டனையும்' நாவலில் அவன் கொன்றது இரண்டு பேரை. நம்மூர் இலக்கியக் கூட்டங்களில் மட்டும் எப்படியோ ஒன்றாகிவிடுகிறது.

ஒரு கிழவி செத்தால் நூறு பேர் பிழைப்பார்கள் என்பது கணக்கு. சாராயக் கடையில் ஒரு மாணவன் அந்தக் கணக்கைப் பேச, இவன் காதில் விழுகிறது. அதே மாணவன் லிஸவெட்டாவைப் பற்றியும் பேசுகிறான்: கிழவியின் தங்கை, வேறு தாய்க்குப் பிறந்தவள், 35 வயது, அக்காவிடம் அடிமை மாதிரி உழைத்து அடி வாங்குகிறவள். அப்படியானால் அந்த நூறு பேரில் முதல் ஆள் யார்? அவளேதான். அவளைத்தான் இவன் கோடாரியின் கூர்ப்பக்கத்தால் மண்டையில் போடுகிறான். கிழவிக்குக்கூட மொட்டைப்பக்கம்தான். லிஸவெட்டாவோ கையைத் தூக்கி முகத்தை மறைக்கக்கூடத் தெரியாமல் நிற்கிறாள்.

குடிகார மார்மெலாதவின் மகள் சோனியாவிடம் ஒப்புக்கொள்ளும்போது லிஸவெட்டாவைத் தற்செயலாகக் கொன்றதாகச் சொல்கிறான். தங்கை துனியாவிடம் பொங்கும்போது வாயில் வருவது கிழவி மட்டும்தான், அதுவும் புழு பூச்சி என்று. இவனே ஓரிடத்தில், நான் ஏன் லிஸவெட்டாவை நினைப்பதே இல்லை என்று வியக்கிறான். அவனுக்கே உறைத்தது. நமக்கு உறைக்கவில்லை.

"அவன் மார்மெலாதவ் குடும்பத்துக்குக் கையிலிருந்ததைக் கொடுத்தானே, தீயிலிருந்து குழந்தைகளைக் காப்பாற்றினானே" என்பார்கள். கொடுத்தான், காப்பாற்றினான். நான் இல்லையென்றேனா? அந்த இளகிய மனசும் கோடாரியும் ஒரே கையில் இருப்பதுதான் அவன். இளகிய மனசை மட்டும் பிய்த்து எடுத்து அதற்கு மாலை போடாதீர்கள் என்கிறேன். "பெண்ணியக் கண்ணாடி" என்று ஒருவர். பதில் கிடையாது. "ரஷ்ய மொழி தெரியுமா" என்று இன்னொருவர். தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மேடையில் இருந்தவர் மாஸ்கோவில் பிறந்தவர் போலிருக்கிறது.

ஒரே ஒரு ஆட்சேபம் நியாயமானது: தஸ்தயேவ்ஸ்கியே அவளுக்கு இடம் தரவில்லையே? பேச இடம் தரவில்லை, உண்மை. ஆனால் சோனியாவின் தோழி அவள். பைபிளில் லாசர் உயிர்த்தெழும் கதையைச் சோனியா வாசித்துக் காட்டும் புத்தகம் அவள் கொண்டுவந்தது. 8 வருடத் தண்டனை பெற்று சைபீரியாவுக்குப் போனவனின் தலையணைக்கடியில், நாவலின் கடைசிப் பக்கத்தில், இருப்பது அதே புத்தகம். எழுதியவர் மறக்கவில்லை ஐயா.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று என் கணவரும் கேட்டார். எங்கள் வீட்டில் சின்ன அத்தை இருந்தாள். கல்யாணம் ஆகவில்லை. "அவ கொஞ்சம் மந்தம்" என்று எல்லோரும் அவள் காதுபடவே சொல்வார்கள். அண்ணனின் காலேஜ் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்து, கிழிசல் ஒட்டி, இஸ்திரி போட்டு வைப்பது அவள்தான். அண்ணன் பெரிய படிப்பாளி, சமத்துவம் பேசுவான், பேசினால் ஊரே வாய்பிளக்கும். அவன் வீடு கட்டிக் கிரகப்பிரவேசப் பத்திரிகை அடித்தபோது தாய்மாமன் முதல் ஒன்றுவிட்ட சித்தப்பா வரை எல்லார் பேரும் இருந்தது. அத்தை பேர் இல்லை. கேட்டேன். "வேணும்னா விட்டேன்? தற்செயலா விட்டுப்போச்சு" என்றான். அத்தை அந்தப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும்.

அண்ணன் இதைப் படிப்பான். படிக்கட்டும்.

கூட்டத்தில் நான் முழுதாகச் சொல்ல முடியாமல் போனது இதுதான். கொலைக்குப் பிறகு காய்ச்சலில் கிடக்கிறான். வேலைக்காரி நஸ்தாஸ்யா பேச்சுவாக்கில் சொல்கிறாள்: லிஸவெட்டாவையும் கொன்றுவிட்டார்களாம், இங்கேயெல்லாம் வருவாளே, உன் சட்டையைக்கூடத் தைத்துக் கொடுத்தாளே.

ரஸ்கோல்நிகோவ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். அழுக்கு மஞ்சள் சுவர்த்தாளில் ஒரு வெள்ளைப் பூ. அதில் எத்தனை இதழ் என்று பார்க்க ஆரம்பிக்கிறான்.