'மகாராஜா'வை வீட்டில் யாரோடு பார்ப்பது?

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை மகன், நெட்ஃபிளிக்ஸில் 'மகாராஜா' பார்க்க அனுமதி கேட்கிறானாம். வெட்டுக்குத்து அதிகமா, விடலாமா என்று அவள் இரண்டு நாட்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தொலைபேசியில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன். கதையின் முடிச்சுகளை அவிழ்க்காமல் இதைப் பேச இயலாது. படத்தை இன்னும் பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

2024 ஜூனில் வெளிவந்த, விஜய் சேதுபதியின் 50ஆவது படமான இது நல்ல படம் என்பதில் எனக்கு ஐயமில்லை. முடிதிருத்தும் கடை நடத்தும் ஒருவர், 'லட்சுமி' என்று பெயரிட்ட குப்பைத்தொட்டியைக் காணவில்லை என்று காவல் நிலையத்தில் வந்து நிற்க, அவரை எள்ளி நகையாடும் காவலர்களோடு சேர்ந்து நாமும் சிரிக்கிறோம். பாதிப் படம் கடந்த பின்னரே, பள்ளியில் படிக்கும் அவருடைய மகள் ஜோதி வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டிருப்பதும், அவர் தேடுவது தொட்டியை அல்ல என்பதும் தெரியவருகின்றன. அதுவரை சிரித்ததற்காக நாம் வெட்கப்பட வேண்டும் என்பதே இயக்குநர் நிதிலன் சாமிநாதனின் திட்டம். அதில் அவர் வெற்றி பெற்றிருக்கிறார்.

ஆனால் அந்தத் திட்டம்தான் வீட்டுக் கூடத்தில் சிக்கலாகிறது. குற்றத்தை ஒரு புதிராக மறைத்து வைத்திருப்பதால், பக்கத்தில் பிள்ளையை உட்கார்த்தியிருக்கும் பெற்றோருக்கு முன்னறிவிப்பே கிடைப்பதில்லை. நாங்கள் பார்த்தபோது என் மாமியார் பேச்சின்றி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். பதினைந்து வயது மகள் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் இருந்தாள். எழுந்து போனவரைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

தங்கை கேட்ட வெட்டுக்குத்து படத்தில் தாராளமாகவே இருக்கிறது. எனினும் என்னை உறுத்தியது ரத்தமன்று, இறுதித் திருப்பம். தான் பழிவாங்கச் சென்ற வீட்டில் சீரழிக்கப்பட்ட ஜோதி, தான் பெற்ற மகளே என்று வில்லன் செல்வம் உணரும் இடத்தில், அந்தப் பாத்திரத்தில் நடித்த அனுராக் காஷ்யப் நொறுங்கும் விதத்தை எல்லோரும் பாராட்டினார்கள். நடிப்பு பாராட்டுக்குரியதுதான். ஆயினும், அவள் இன்னொருவர் மகளாகவே இருந்திருந்தால் அவனுக்கு அது உறைத்திருக்காது என்பதையும் அக்காட்சி சொல்கிறது. ஒரு குழந்தையின் துயரம் இங்கே கொடியவனுக்கான தண்டனைக் கருவியாக மாறிவிடுகிறது. பதின்மூன்று வயதுப் பையன் இதைப் பிரித்தறிவானா, அல்லது 'சரியான அடி' என்று கைதட்டி எழுந்துவிடுவானா?

அடுத்தது காவல்துறை. ஆய்வாளரே குற்றவாளிகளில் ஒருவனை ஜோதியை வளர்த்த தந்தையின் கையில் ஒப்படைக்கிறார். திரையரங்கில் அதற்கு விசில் பறந்தது, உண்மையைச் சொன்னால் நானும் உள்ளுக்குள் மகிழ்ந்தேன். வீட்டில் படம் முடிந்ததும் மகள் கேட்டது வேறு: "அந்தப் பொண்ணுகிட்ட யாருமே ஏம்ப்பா ஒண்ணுமே கேக்கல?" குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 முதல் நடைமுறையில் இருக்கிறது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி, இயன்றவரை பெண் அதிகாரி, பதிவுசெய்ய வேண்டும் என்றும், விசாரணையில் அக்குழந்தை குற்றம் சாட்டப்பட்டவரை எதிர்கொள்ள நேரக்கூடாது என்றும் அது கூறுகிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அன்றிரவுதான் அவளுக்குச் சொன்னேன். அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

ஜோதி தானே முன்வந்து செல்வத்தை நேருக்கு நேர் பார்த்துப் பேசும் காட்சியை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நாணிக் குறுகி மூலையில் ஒடுங்க வேண்டியவள் தானல்ல என்று நிமிர்ந்து நிற்கும் இத்தகைய பெண்ணைத் தமிழ்த் திரையில் நாம் அதிகம் பார்த்ததில்லை. வளர்ந்த பிள்ளைகள் இந்தப் படத்தைப் பார்க்கலாம் என்று நான் எண்ணுவதற்கு அந்த ஒரு காட்சியே காரணம்.

தணிக்கைக்கான 2024ஆம் ஆண்டு விதிகள் யு/ஏ சான்றிதழை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்திருப்பது நல்லதுதான். ஆனால் அந்த எண்ணைப் பார்த்து ஒரு படத்தில் இருப்பது சண்டையா, குழந்தை மீதான வன்முறையா என்று பெற்றோருக்குத் தெரியப்போவதில்லை.

ஆகவே தங்கைக்கு என் பதில்: இப்போது வேண்டாம். பதினாறு வயதாகட்டும், நீயும் பக்கத்தில் உட்கார்ந்து பார், மறுநாள் அவனுக்குத் தேர்வு ஏதும் இல்லாத இரவாக இருக்கட்டும். படம் முடிந்த பிறகு பேசுவதற்கு நேரம் பிடிக்கும்.