வால மட்டும் தனியா வித்தா என்ன குறைஞ்சு போயிரும்?

சனிக்கிழமை காலையில ஏழரை மணி. டெல் வாலே ஏரிக்கரை. கலிஃபோர்னியாவுல லிவர்மோர் பக்கம் இருக்கிறவங்களுக்குத் தெரியும், மலைக்கு நடுவுல அஞ்சு மைல் நீளத்துக்கு வளைஞ்சு கிடக்கிற நீர்த்தேக்கம் அது. குளிர் ஆரம்பிச்சா லாரியில ட்ரவுட் மீனைக் கொண்டாந்து விடுவாங்க. அதைத் திங்கிறதுக்குப் பெரிய பாஸ் மீன் கரையோரம் வரும்னு ஒரு கணக்கு. அந்தக் கணக்கை நம்பி 35 டாலர் குடுத்து வாங்கின எட்டு இஞ்ச் சுவிம்பெய்ட்டை, அதான் வாலை ஆட்டிக்கிட்டு நீந்துற ரப்பர் தூண்டில் மீனை, அன்னைக்குத்தான் உறையிலருந்து எடுத்தேன். அச்சு அசல் ட்ரவுட். முதுகுல புள்ளி, விலாவுல ரோஸ் கலர் கோடு, கண்ணு கூட நம்மளப் பார்க்கிற மாதிரியே இருக்கும்.

மொத வீச்சு ஜோரா போச்சு. ரெண்டாவதுல ஒரு பாறையில லேசா உரசுச்சு. மூணாவதுல 'டொம்'னு ஒரு இடி. தூண்டில் ராடை ஓங்கி வெட்டி இழுத்தேன். ஒண்ணுமில்ல, காத்து. சுத்தி இழுத்துப் பார்த்தா, வால் ஒரு நூல் கனத் தோல்ல தொங்கிட்டு நிக்குது. பல்லி வாலாவது அறுந்தப்புறம் கொஞ்ச நேரம் துடிக்கும். இது அதுவும் இல்ல, சும்மா தொங்குது.

மூணு வீச்சுக்கு 35 டாலர். வீச்சுக்குப் பன்னெண்டு டாலர் வருது. நம்மூர்க் காசுக்கு ஆயிரம் ரூபா. தாமிரபரணியில மண்புழுவைத் தோண்டி, தக்கைக்குப் பதிலா தக்கைப்பூண்டுத் தண்டைக் கட்டி, நாள் முழுக்க மீன் புடிச்சவன் நான். அந்தக் காலத்துல என் மொத்த மூலதனமே ஒரு முள்ளு, நாலு முழம் தங்கூசி, அவ்வளவுதான். இந்த ரப்பர் மீன் விலையை ஒரு வாட்டி வாய் தவறி அம்மாகிட்ட சொல்லிட்டேன். "ஏல, அந்தக் காசுக்கு மார்க்கெட்டுல நெஜ மீனே வாங்கலாம்லா?"ன்னு கேட்டா. பதில் சொல்ல முடியல. இன்னைக்கு வரைக்கும் இல்ல.

வால் அறுந்ததுக்கு நான் கோவப்படல. அதை மொதல்லயே சொல்லிடுறேன், இல்லேன்னா யாராவது வந்து பாடம் எடுப்பீங்க. இதை ரப்பர்னு சொல்றோமே தவிர ரப்பரே கிடையாது, பிவிசி. வீட்டுக் குழாய் செய்யுற அதே பிவிசியில எண்ணெய் மாதிரி ஒரு திரவத்தைக் கலந்து அல்வாப் பதத்துக்கு இளக்கி வச்சிருக்காங்க. மெதுவா சுத்தி இழுக்கும்போதும் வால் ஆடணும்னா உடம்பும் வாலும் சேர்ற கழுத்து மெலிசா இருந்தாகணும். ஆட்டம் பூரா அந்த ஒரு இடத்துலதான் நடக்குது, பாஸ் பின்னாலருந்து வந்து கவ்வுறதும் அங்கதான். அப்போ அது அறுந்துரும். நியாயம். மெலிசா இல்லேன்னா ஆடாது, ஆடலேன்னா கடிக்காது.

என் கோவமே வேற. அறுந்துரும்னு செஞ்சவனுக்குத் தெரியும், வித்தவனுக்குத் தெரியும், வாங்குறவனுக்கும் தெரியும். அப்புறம் வால மட்டும் தனியா விக்க என்னய்யா கேடு? கட்டையில, ரெசின்ல செய்யுற பெரிய தூண்டில் மீனுக்கெல்லாம் மாத்து வால் பாக்கெட் போட்டு விக்கிறான். ஜோடி ஜோடியா கிடைக்குது, சொருகுனா முடிஞ்சுது. நான் வாங்கின மீனுக்கு மட்டும் கிடையாது. கம்பெனிக்கு மரியாதையா ஒரு மெயில் போட்டேன், போட்டோ வச்சு. ரெண்டு நாள் கழிச்சுப் பதில் வந்துச்சு: இந்த வகைப் பொருள் பயன்படுத்தினா தேயும், வாரண்டி கிடையாது, இதோ புதுசா வாங்க லிங்க். தேயுறதுக்கு இதென்ன செருப்பா? செருப்பு கூட ஆறு மாசம் உழைக்குதே. தோல் அறுந்தா தைச்சுக் குடுக்க ஊர்ல ஆள் இருக்கு.

சரி, நாமளே ஒட்டுவோம்னு எறங்குனேன். இங்கதான் ஆரம்பிச்சுது என் ஏழரை.

மொத வேலை, சமையலறை அலமாரியில இருந்த சூப்பர் குளூ. ஒட்டுச்சு. கல்லு மாதிரி ஒட்டுச்சு. அதுதான் பிரச்சினையே. பசை காஞ்சு விறைப்பா ஒரு கோடு நிக்குது, ரெண்டு பக்கமும் அல்வா. ஆட்டம் பூரா இப்போ அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல விழுது. அடுத்த வாரம் அஞ்சாறு வீச்சுல ஒட்டுன இடம் அப்படியே இருக்க, அதுக்கு ரெண்டு மில்லிமீட்டர் தள்ளிப் புதுசா கிழிஞ்சு நிக்குது. கிழிசலுக்கு ஒட்டுப் போட்டா ஒட்டோட ஓரம் கிழியும்னு எங்க ஆச்சி பழைய சேலையை வச்சே சொல்லும். நான்தான் மறந்துட்டேன்.

ஃப்ரீமான்ட்ல இருக்கிற நண்பன் ஒருத்தன், என்னை இந்த நோய்க்குள்ள தள்ளிவிட்ட புண்ணியவான், "மாப்ள, சால்டரிங் அயர்ன வச்சு ரெண்டு ஓரத்தையும் உருக்கி ஒட்டுறா, அதான் சரியான வைத்தியம்"னான். சரியான வைத்தியம்தான், ஒத்துக்கிறேன். அதே பொருளே உருகி ஒண்ணு சேருறதால விறைப்பு வராது. ஆனா சூடு ஒரு இம்மி கூடுனா ரோஸ் கலர் கோடு கருகிக் காப்பிக் கலராகுது. பிவிசி கருகுற புகை இருக்கே, மூக்குல ஆசிட் ஊத்துன மாதிரி. தயவுசெஞ்சு வீட்டுக்குள்ள செய்யாதீங்க. நான் செஞ்சேன். புகை அலாரம் அடிச்சுது. பையன் காதைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடுனான். வீட்டுக்காரி ஒண்ணுமே பேசல. பேசியிருந்தாத் தேவலாம்.

பேசுனது அடுத்த நாள். வால் கோணி நின்னதுக்கு நான் வெந்நீர் வச்சப்போ.

அது ஒரு தனிக் கதை. இந்த மீனு வர்ற பிளாஸ்டிக் உறை இருக்கு பாருங்க, மீன் வடிவத்துலேயே குழிஞ்சு கிடக்குமே, அதைத் தூக்கிப் போட்டேன் நான். மீனைப் பெட்டியில மத்ததோட சேர்த்துப் போட்டு வச்சேன். ஒரு வாரத்துல வால் ஒரு பக்கமா வளைஞ்சு அப்படியே படிஞ்சிருச்சு. தண்ணியில விட்டா நேரா நீந்தாம, குடிச்சவன் சந்துல போற மாதிரி சாஞ்சு சாஞ்சு போகுது. இதுக்கு மருந்து கொதிக்கிற தண்ணி. வாலைப் பத்துப் பதினஞ்சு செகண்ட் முக்கி, நிமித்திப் பிடிச்சு, உடனே ஐஸ் தண்ணியில விடணும். நிமிர்ந்துரும், நெஜமாவே நிமிரும். எந்தச் சட்டியில முக்குறோம்ங்கிறதுலதான் குடும்ப வாழ்க்கை அடங்கியிருக்கு. "ஏங்க, அது பால் காய்ச்சுற சட்டி." இவ்வளவுதான் சொன்னா. இப்போ எனக்குன்னு தனியா ஒரு சட்டி, கராஜுல. பழைய பொருள் கடையில ரெண்டு டாலர்.

பெட்டியில சேர்த்துப் போட்டேன்னு சொன்னேன்ல, அதுல இன்னொரு கொடுமையும் நடந்துச்சு. அந்த எண்ணெய்த் திரவம் சும்மா கிடக்காது, கசியும். வேற வகை ரப்பர்ல செஞ்ச ஒரு சின்ன மீன் பக்கத்துல கிடந்துச்சு. ரெண்டும் ஒண்ணையொண்ணு கட்டிப்பிடிச்சு உருகி, ஒரே உடம்புல ரெண்டு தலை. அடியில கிடந்த கெட்டி பிளாஸ்டிக் மீனோட பெயின்ட் கொப்புளிச்சு நகத்துல ஒட்டிக்கிட்டு வருது. பெட்டியோட தரை கூடப் பிசுபிசுன்னு ஆயிருச்சு. மூணு பொருள் காலி. இதை உறை மேல ஒரு வரி எச்சரிக்கையா போட்டா மை தீந்துருமா?

சரி, கடைசியா இதுக்குன்னே விக்கிற பசையை வாங்குனேன். விரல் நீளப் பாட்டில், விலையைச் சொல்ல மாட்டேன். அது நெஜமாவே வேலை செய்யுது, பிளாஸ்டிக்கை லேசா கரைச்சு ஒண்ணாக்குது. ஆனா அவசரப்பட்டா செத்தோம். ரெண்டு பக்கமும் சோப்புத் தண்ணியில கழுவிக் காய வச்சு, மெலிசா தடவி, சேர்த்துப் பிடிச்சு, ராத்திரி பூரா அசையாம கிடக்கணும். இந்த வாட்டி மெல்லிசு வலைத்துணியை, கொசுவலைத் துண்டுன்னு வச்சுக்கோங்க, வாலுக்கும் உடம்புக்கும் நடுவுல பொதிஞ்சு ஒட்டுனேன். நல்ல பிடி.

பிடி நல்லா இருந்துச்சு, எடை மாறிப் போச்சு! இந்த மீன்கள்ல இறங்குற வேகம்தான் உயிர். ஹடில்ஸ்டன்னு ஒரு கம்பெனியோட ரப்பர் ட்ரவுட்டுல 5, 12, 16ன்னு எண் போட்டிருப்பாங்க, பத்து செகண்டுல அத்தனை அடி இறங்கும்னு அர்த்தம். அவ்வளவு நுணுக்கமா வார்த்ததுல நான் பசையும் துணியுமா அப்பி வச்சா? குளியல் தொட்டியை நிரப்பி விட்டுப் பார்த்தேன். வால் முந்தி இறங்குது, இடது விலா சாயுது. ஈயத் துண்டை நறுக்கி வயித்துல சொருகி, எடுத்து, மறுபடி சொருகி. ராத்திரி பதினோரு மணிக்கு நாற்பது வயசு ஆம்பள தொட்டியோரம் முட்டி போட்டு ரப்பர் மீனை விட்டு விட்டு எடுக்குறேன். பையன் தூக்கக் கலக்கத்துல ஒண்ணுக்குப் போக வந்தவன், ஒரு நிமிஷம் நின்னு பார்த்துட்டு, எதுவும் கேக்காம திரும்பிப் போயிட்டான்.

கெட்டி மீனுக்கு மாறலாமேன்னு சொல்லுவீங்க. மாறிப் பார்த்தேனே! ரெண்டு துண்டு உடம்பு, நடுவுல கீல், ரீலை அரைச் சுத்து சுத்துனா இடது வலதா வழுக்கிக்கிட்டுப் போகும், பார்க்க அவ்வளவு அழகு. நூறு டாலருக்கு மேல. அது கூட நேரா விலைக்குக் கிடைக்காது. ராத்திரி இன்ன மணிக்கு விடுவோம்பான், ரெண்டு நிமிஷத்துல தீந்துரும், அடுத்த நாள் காலையில அதே சரக்கை ஒருத்தன் ரெட்டை விலைக்குப் போட்டிருப்பான், பெட்டியைக் கூடப் பிரிக்காம. தீபாவளிக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் டிக்கெட் எடுக்குற கதைதான். அத்தனை பாடுபட்டு வாங்கினதை ஒரு நாள் வீசினேன். வயித்துல தொங்குற மும்முள்ளு ஆடி ஆடி ரெண்டு பக்கமும் பிறை நிலா மாதிரி கீறி வச்சிருக்கு. கட்டையில செஞ்சது. கீறல் வழியா தண்ணி உள்ள போய் ஊறுனா வெடிக்கும். அதனால எப்பாக்ஸி பூசி, ஒரு நாள் பூரா காய வச்சு, மறுபடி பெயின்ட். இப்போ அது ஷெல்ஃபுல இருக்கு. வீசப் பயமா இருக்கு. வீசப் பயப்படுற தூண்டிலை எதுக்கு வாங்குனேன்னு கேக்காதீங்க, வீட்டுல ஏற்கெனவே கேட்டாச்சு.

இத்தனைக்கும் வரலாறு நம்ம பக்கம் இல்ல. இந்தப் பைத்தியம் பிறந்ததே கலிஃபோர்னியாவுலதான். 1959ல ஃப்ளோரிடா இனத்து பாஸைக் கொண்டாந்து சான் டியேகோ பக்கம் அப்பர் ஓட்டே ஏரியில விட்டாங்க. அது ட்ரவுட்டைத் தின்னு தின்னு பன்னிக்குட்டி கணக்கா வளர, ட்ரவுட் மாதிரியே தூண்டில் செய்யணும்னு ஆலன் கோல் மாதிரி ஆளுங்க கட்டையைச் செதுக்க ஆரம்பிச்சாங்க. 1991ல காஸ்டைக் ஏரியில பாப் க்ரூப்பி 22 பவுண்டு மீன் புடிச்சதும் ஊரே மிரண்டு போச்சு. சரி, உலக சாதனை எதுல விழுந்துச்சு? 1932ல ஜார்ஜியாவுல ஜார்ஜ் பெர்ரி புடிச்சது 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதை வீட்டுக்குக் கொண்டு போய்ச் சமைச்சே சாப்பிட்டாங்க. அதுக்கு 77 வருஷம் கழிச்சு, 2009ல ஜப்பான்ல பிவா ஏரியில மனாபு குரிட்டா அதை விட ஒரு அவுன்ஸ் கூடப் புடிச்சாரு. ரெண்டு அவுன்ஸாவது கூட இருந்தாத்தான் புதுச் சாதனைன்னு விதி, அதனால ரெண்டு பேரும் சமம்னு எழுதிட்டாங்க. குரிட்டா எதை வச்சுப் புடிச்சாரு தெரியுமா? உயிரோட இருந்த ப்ளூகில்ங்கிற சின்ன மீன். ஒட்ட வேணாம், உருக்க வேணாம், தொட்டியில விட்டுப் பார்க்க வேணாம். வால் அதுவா ஆடும்! இங்க நான் உயிரோட ட்ரவுட்டைக் கோத்தா சட்டப்படி குத்தம். அதனால 35 டாலர்.

போன வாரம் அந்த வலைத்துணி வாலோட போனேன். ஒண்ணரை மணி நேரம் வீசுனேன், தோள்பட்டை கழண்டுச்சு, நாலு அவுன்ஸுக்கு மேல எடை இருக்குல்ல. கடைசியில கரைக்கு ஆறடி தூரத்துல பின்னாடியே ஒண்ணு வந்துச்சு. சொன்னா நம்ப மாட்டீங்க, என் கையில முழங்கை வரைக்கும் இருக்கும். வந்து, என் ஒட்டு வாலுக்கு ஒரு சாண் பின்னால நின்னு, பார்த்துச்சு. நல்லாப் பார்த்துச்சு. அப்புறம் மெதுவா திரும்பிப் போயிருச்சு. அது ஏன் திரும்புச்சுன்னு எனக்குத் தெரியும். ஒட்டுன இடத்துல பசை பொங்கி ஒரு உருண்டை நிக்குது, அதைச் சீவாம விட்டது என் தப்பு.

நேத்து அதைச் சீவப் போய்த்தான் பிளேடு வழுக்கிப் பாதி வால் வரைக்கும் கிழிச்சுட்டேன். நாலாவது வாட்டி ஒட்டி, ரெண்டு துணிக் கிளிப் மாட்டி, சாப்பாட்டு மேசை மேல வச்சு, 'யாரும் தொடாதீங்க'ன்னு சீட்டு எழுதி ஒட்டியிருக்கேன். காலையில பார்த்தா ஒரு கிளிப்பைக் காணோம். வெளிய பால்கனிக் கொடியில என் சட்டையில இருக்கு.