21 நாளில் பிள்ளை மாறிவிடுமா?

'21 நாள் விடாமல் செய்தால் பிள்ளையின் எந்தப் பழக்கமும் மாறும், ஒரு நாள் தவறினாலும் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்' என்று திருகோணமலை வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. பிழை. 1960இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் எழுதியது, சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஆட்கள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளளவு எடுக்கிறது என்பதுதான், பிள்ளை வளர்ப்பைப் பற்றி அல்ல. லண்டன் யுனிவர்சிட்டி கொலிஜ் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் அச்சில் வந்த ஆய்வில், சாப்பாடு, நடை மாதிரியான புதுப்பழக்கம் படிய 18 முதல் 254 நாள் வரை கணக்கு வந்தது, நடுவில் 66. அதுவும் பெரியவர்களுக்கு! ஒரு நாள் விட்டது பெரிதாகப் பாதிக்கவும் இல்லை.

உளவளத்துணைக்கு என்னிடம் வந்த ஒரு தாய், 17ஆம் நாள் மகன் படுக்கையில் போன் பார்த்துவிட்டான் என்று, சிவப்புப் பேனையால் புள்ளடி போட்டு வந்த கலண்டரையே கிழித்துவிட்டார். அந்தப் 16 இரவும் எப்படி முடிந்தது என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "போனைக் குசினியில சார்ஜில போட்டிட்டு நானும் பக்கத்தில படுப்பன்" என்றார். சரி அம்மா, இன்றைக்கும் அதையே செய்யுங்கள் என்றேன்.