பி.ஏ. படித்தவர் ஐ.ஏ.எஸ். எழுத முடியாதா?

"சிவில் சர்வீஸ் தேர்வுக்கு அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் கட்டாயம், பி.ஏ. வரலாறு, சமூகவியல் படித்தால் விண்ணப்பமே செல்லாது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் எந்தப் பட்டமும் போதும். 2015 தேர்வில் முதலிடம் பெற்ற டினா டாபி அரசியல் அறிவியல் படித்தவர். 2021-இல் முதலிடம் பெற்ற ஸ்ருதி சர்மா வரலாறு.

குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும்? அநேகமாக இந்திய வனப்பணியிலிருந்து. அதற்கும் இதே முதல்நிலைத் தேர்வுதான், இதே விண்ணப்பம்தான். ஆனால் வனப்பணிக்கு மட்டும் தாவரவியல், இயற்பியல், கணிதம் போன்ற பாடங்களில் ஒன்றோ, வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டமோ வேண்டும். அந்த ஒரு வரியை எல்லாப் பணிக்கும் ஒட்டிவிட்டார்கள்.

தேர்ச்சி பெறுவோரில் பொறியாளர்கள் நிறையப் பேர் என்பது மெய்தான். ஆனால் அவர்களில் பலரும் முதன்மைத் தேர்வில் தாமே தேர்ந்தெடுக்கும் விருப்பப்பாடமாக எடுப்பது மானுடவியல், சமூகவியல்! விருப்பப்பாடம் பட்டத்தில் படித்ததாக இருக்க வேண்டியதில்லை.

கலைப் பிரிவினர் உண்மையில் சறுக்குவது முதல்நிலையின் இரண்டாம் தாளான சிசாட்டில், அதாவது கணக்கு, தர்க்கம், பத்தி வாசிப்பு கேட்கும் திறனறித் தாளில். 80 கேள்வி, 200 மதிப்பெண் (கேள்விக்கு 2.5), தேர்ச்சிக்குத் தேவை 66. ஒவ்வொரு தவறுக்கும் அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். 30 சரி, 12 தவறு என்றால் 75-இல் 10 போய் 65. முதல் தாளில் எவ்வளவு எடுத்திருந்தாலும் வெளியேதான். பத்தாம் வகுப்புக் கணக்கை நேரம் வைத்துப் போட்டுப் பழகாமல் போவதுதான் ஆபத்து, பட்டம் அல்ல.