சௌவின்ங்கறது சாவுக் கடவுள் பேரு இல்லைங்க
மேல இருக்கற பதிவுல ஒருத்தர், ஹாலோவீன் (அக்டோபர் 31 ராத்திரி கொண்டாடற விழா) 'சௌவின்'ங்கற சாவுக் கடவுளுக்கு எடுத்த விழான்னு போட்டிருக்கார், அது தப்புங்க. அயர்லாந்துல அறுவடை முடிஞ்சு குளிர்காலம் தொடங்கற நாளுக்குத்தான் சௌவின்னு பேரு, ஐரிஷ் மொழில இன்னைக்கும் நவம்பர் மாசத்துக்கே அதான் பேரு, அப்படி ஒரு சாவுக் கடவுள் கிடையவே கிடையாது. ஹாலோவீனுக்குப் பூசணியைக் குடைஞ்சு விளக்கு வைக்கறது கூட ஐரிஷ்காரங்க அமெரிக்காவுக்குக் குடியேறினப்புறம் சேர்ந்ததுதான், அயர்லாந்துல டர்னிப்ங்கற கிழங்கைத்தான் குடைஞ்சு விளக்கு வச்சாங்க. அயர்லாந்துல மேயோங்கற மாவட்டத்துல இருக்கற மியூசியத்துல அப்படி ஒரு டர்னிப் விளக்கை அச்செடுத்து செஞ்ச நகல் இருக்கு, வத்திப்போன கிழவன் மூஞ்சி மாதிரி, பூசணிய விட அதான் நிஜமாவே பயமா இருக்கும். சாப்பாட்டுலயும் பலி கிலி எதுவும் இல்லைங்க, பார்ம்ப்ராக்னு உலர்திராட்சை போட்ட ரொட்டி சுடுவாங்க, உள்ள ஒரு மோதிரம் ஒளிச்சிருக்கும், யார் துண்டுல வருதோ அவங்களுக்கு சீக்கிரமே கல்யாணம்னு நம்பிக்கை. தயவுசெஞ்சு அந்த சாவுக் கடவுள் வரிய மாத்திடுங்க.