சத்து அட்டவணை சொல்லாமல் விடும் பாதி

"நூறு கிராமில் இவ்வளவு இரும்பு, இவ்வளவு கால்சியம்" என்று காய்கறிப் படத்தோடு வரும் பதிவுகளை ஆளாளுக்குப் பகிர்கிறார்கள். எண்கள் பெரும்பாலும் சரிதான். ஆனால் அதை எப்படிச் சமைப்பது, எதோடு சேர்த்துச் சாப்பிடுவது என்று ஒரு வரிகூட இருக்காது. என்னைக் கேட்டால் அந்த ஒரு வரிதான் முக்கியம். அது விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு மக்காச்சோளமே சாட்சி.

தெற்கு மெக்சிகோவில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் தியோசின்டே என்ற காட்டுப்புல்லிலிருந்து மக்கள் தேர்ந்து தேர்ந்து உருவாக்கிய பயிர் அது. காலப்போக்கில் அங்கே ஒரு பக்குவமும் உருவானது: சுண்ணாம்பு அல்லது சாம்பல் கலந்த நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி, பிறகு அரைப்பது. மக்காச்சோளத்தில் நயாசின் என்ற பி3 வைட்டமின் உண்டு. ஆனால் பெரும்பகுதி குடல் உறிஞ்ச முடியாதபடி பிணைந்து கிடக்கும். அந்தக் காரநீர்தான் அதை விடுவிக்கிறது. வைட்டமின் என்ற சொல்லே இல்லாத காலத்தில் இதைக் கண்டடைந்த அடுப்படி அறிவை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை.

கொலம்பஸுக்குப் பின் விதை கடல் கடந்தது. பக்குவம் கூடப் போகவில்லை. வேறு எதுவும் வாங்க வழியின்றி மக்காச்சோளத்தையே மூன்று வேளையும் உண்ட ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, வயிற்றுப்போக்கு வந்தது, புத்தி பேதலித்தது. 1735இல் ஸ்பெயினில் காஸ்பர் காசல் என்ற மருத்துவர் இதைக் கவனித்தார்; பின்னாளில் இத்தாலியில் பெல்லக்ரா என்ற பெயர் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென் மாநிலங்களில் இது பரவியபோது தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். 1914இல் அங்கே ஆய்வுக்குப் போன ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் ஒன்றைக் கண்டார்: காப்பகங்களில் தங்கியிருப்பவர்களுக்கு நோய் வருகிறது, அங்கேயே வேலை பார்ப்பவர்களுக்கு வரவில்லை. தொற்று ஆள் பார்த்தா ஒட்டும்? நோயாளியின் ரத்தத்தைத் தன் உடம்பிலேயே செலுத்திக்கொண்டு, இது உணவுக் குறை என்று வாதாடினார். அந்த உணவில் இல்லாமல் போனது நயாசின்தான் என்று 1937இல் தெளிவானபோது அவர் உயிரோடு இல்லை.

இன்று நாம் தின்னும் காய்கறிக்கும் இதே கணக்குதான். பாலக் கீரையில் கால்சியம் நிறைய. அதே கீரையிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் அதைப் பிடித்துக்கொள்வதால் உடம்பில் சேர்வது சுமார் 5 சதவீதம். உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் கேரட்டின் பீட்டா கரோட்டினுக்குக் கொஞ்சமாவது எண்ணெய் வேண்டும். பருப்பிலுள்ள இரும்புக்கு எலுமிச்சை துணை. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் எதிரி.

ராஜ்மா விஷயத்தில் சத்தைவிடப் பாதுகாப்பு முக்கியம். அதிலுள்ள லெக்டின் நச்சு சரியாக வேகாவிட்டால் கடும் வாந்தியைத் தரும். மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வைத்தாலும் அது போகாது. ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவெனக் கொதிக்க வைக்க வேண்டும். புரதக் கணக்கு போடும் பதிவுகளே, முதலில் இதை எழுதுங்கள்.